சேவல் இறகு, மயில் பீலி, பழைய சேலை ஜரிகை: வீட்டிலேயே ஃப்ளை கட்டிப் பழகுறது எப்படி

தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் நம்ம ஆளுங்க வீட்டுல தூண்டில் கம்பு இல்லாத வீடு ரொம்பக் கம்மி. ஷாட் மீன் சீசன்ல விடியறதுக்கு முன்னாடியே பாறைக்குப் போய் இடம் பிடிக்கிறவங்க இருக்காங்க, ஜூன் ஜூலையில மத்தி ஓட்டம் வருதுன்னு போன் வந்தா வேலைக்கு லீவு சொல்லிட்டு பீச்சுக்கு ஓடுறவங்க இருக்காங்க, உம்கேனி ஆறு கடல்ல சேர்ற ப்ளூ லகூன்ல ராத்திரி முழுக்க உக்காந்திருக்கிறவங்களும் இருக்காங்க. ஆனா ஃப்ளைன்னு பேச்சை எடுத்தா மட்டும் "அதெல்லாம் ட்ராகன்ஸ்பர்க் மலைப் பக்கம் பண்ணை வச்சிருக்கிறவன் சமாச்சாரம்ப்பா, நமக்கு எதுக்கு"ன்னு சொல்லிடுவாங்க. கம்பும் ரீலும் காசுதான், ஒத்துக்கிறேன். ஃப்ளை காசு இல்ல. அதுக்கு வேணும்ங்கிற சாமான்ல முக்காவாசி நம்ம வீட்டுல, பூஜை ரூம் பக்கத்துலயும் தையல் டப்பாவுலயும் தான் கிடக்குது, கண்டிப்பா கடையில வாங்க வேண்டியது முள்ளு தான்.

ஃப்ளைன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். முள்ளு மேல நூலால இறகு, கம்பளி, முடி இதையெல்லாம் கட்டி பூச்சி மாதிரியோ சின்ன மீன் மாதிரியோ ஏமாத்துறது. இரை கிடையாது, ஈயக் குண்டு கிடையாது, லைனோட வெயிட்லயே அது பறந்து போகும். ஃப்ளை ராட் இல்லைன்னாலும் பரவாயில்ல, சாதாரண ஸ்பின்னிங் ராட்ல உள்ள தண்ணி ஊத்துற, கண்ணாடி மாதிரி தெரியிற மிதவையைப் போட்டு அதுக்குப் பின்னாடி ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் நைலான்ல ஃப்ளையைக் கட்டி எறிஞ்சாலும் மீன் எடுக்கும்.

இது ஒண்ணும் புது வித்தையும் இல்ல. சுமார் 1,800 வருஷத்துக்கு முன்னாடி ஈலியன்னு ஒரு ரோமானிய எழுத்தாளர் மாசிடோனியா ஆத்துல மீன் பிடிக்கிறதைப் பத்தி எழுதி வச்சிருக்கார், முள்ளைச் சுத்தி சிவப்புக் கம்பளி, அதுக்கு மேல சேவலோட தாடிக்குக் கீழ வளர்ற ரெண்டு இறகு, அவ்ளோதான் அந்த ஃப்ளை. கம்பளியும் சேவலும். இதுக்கு ஸ்பெஷல் கடை எதுக்கு?

சாமான் எங்க கிடைக்கும்

முதல்ல சேவல். முனீஸ்வரன் பூஜைக்கோ கங்கையம்மனுக்கோ கோழி அறுக்கிற வீட்டுல இறகை வாளியில போட்டுக் குப்பைக்கு அனுப்பிடுவாங்க, அதுக்கு முன்னாடி கேட்டு வாங்கிக்குங்க. கொதி தண்ணியில முக்குறதுக்கு முன்னாடியே எடுத்துடணும், இது முக்கியம், முக்கினதுக்கு அப்புறம்னா இறகு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நாறிப் போயிடும். கழுத்து இறகு, முதுகுல இடுப்புப் பக்கம் தொங்குற நீள இறகு, அப்புறம் தொடைக்கும் வாலுக்கும் நடுவுல இருக்கிற பஞ்சு மாதிரி இறகு, இந்த மூணும் போதும். ரெக்கை இறகு ஆரம்பத்துல வேண்டாம். கடையில விக்கிற ப்ராய்லர் உதவாது, அது ரெண்டு மாசம் கூட உயிரோட இருந்திருக்காது, இறகே முத்தியிருக்காது. வயசான நாட்டுச் சேவல் தான் வேணும், கழுத்து இறகு நீளமா பளபளன்னு இருக்கும்.

இறகைக் கொண்டு வந்த உடனே பாத்திரம் கழுவுற சோப்புல வெதுவெதுப்பான தண்ணியில அலசி, ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணி மாத்தி, நிழல்ல பேப்பர் மேல காய வைங்க. நல்லா காஞ்சதும் ஜிப் பையில போட்டு ஃப்ரீசர்ல ஒரு வாரம் வைங்க, வீட்டுல என்ன சொன்னாலும் சரி, இல்லேன்னா அதுல இருக்கிற பூச்சி முட்டை பொரிச்சு கம்பளி ஸ்வெட்டர் வரைக்கும் போயிடும். அப்புறம் அந்துருண்டை ஒண்ணு கூட போட்டு டப்பாவுல மூடிடலாம்.

மயில் பீலி ஃப்ளை கட்டுறவங்களுக்கு உலகம் பூரா அவசியமான சாமான், பழைய இங்கிலீஷ் ஃப்ளைகள்ல பாதிக்கு உடம்பே அதுதான். நமக்கு அது கவடியில கிடைக்குது. தைப்பூசம் முடிஞ்சு கவடியைப் பிரிக்கும்போது உடைஞ்சது, கண்ணு போனது எல்லாம் ஒதுக்கி வைப்பாங்க. அதைக் கேட்டு வாங்குங்க, ஆனா கேட்டுட்டு எடுங்க, சாமிக்கு வச்சதைத் தொடக்கூடாதுன்னு சொல்ற ஆயா இருக்கிற வீடுன்னா அந்தப் பேச்சையே விட்டுட்டு கடையில புதுசா ஒரு பீலி வாங்கிக்கிறது நல்லது. ஒரே ஒரு பீலியில நிறைய ஃப்ளை கட்டலாம். கண்ணுக்குக் கீழ காம்புல ரெண்டு பக்கமும் தொங்குற நீள இழை தான் நமக்கு வேணும், அதுதான் தடிமனா முசுமுசுன்னு இருக்கும்.

காட்டுப் பறவை இறகை மட்டும் தேடிப் போகாதீங்க, பாதுகாக்கப்பட்ட பறவைன்னா வம்பு. கோழி, வாத்து, பண்ணையில வளர்க்கிற கினிக்கோழி இதுவே தாராளம். கினிக்கோழியோட புள்ளி இறகு கிடைச்சா விடாதீங்க, பூச்சிக்கு கால் வைக்க அதைவிட நல்லது இல்ல.

நூல். தையல் மெஷின்ல போடுற பருத்தி நூல் தடிமன், ரெண்டு சுத்து சுத்தினாலே முள்ளு பருத்துடும். ஓவர்லாக் மெஷின்ல போடுற பாலியஸ்டர் கோன் நூல் நல்லா மெல்லிசா இருக்கும். டர்பன்ல துணி ஃபேக்டரியில வேலை பார்த்த பெரியம்மாவோ அக்காவோ இல்லாத குடும்பம் இருக்கா? யாராவது ஒருத்தர் வீட்டுல அரைக் கோன் கறுப்பு நூல் கண்டிப்பா கிடக்கும். கட்டுறதுக்கு முன்னாடி மெழுகுவர்த்தி மேல ஒரு தடவை இழுத்துக்கிட்டா வழுக்காது, தேன்மெழுகு இருந்தா இன்னும் நல்லது.

செம்புக் கம்பி, பழைய சார்ஜர் ஒயரையோ ஸ்பீக்கர் ஒயரையோ உரிச்சா உள்ள முடி மாதிரி இழை இழையா வரும், அதுல ஒண்ணு. இங்கிலாந்துல ஃப்ராங்க் சாயர்னு ஆத்துக்குக் காவல் பார்த்தவர் ஒருத்தர், நூலே இல்லாம செம்புக் கம்பியாலயே ஃபெசன்ட்ங்கிற பறவையோட வால் இறகைக் கட்டி ஒரு நிம்ஃப், அதாவது தண்ணிக்குள்ள இருக்கிற பூச்சிக் குஞ்சு மாதிரி ஒரு ஃப்ளை, பண்ணினார், இன்னைக்கும் அது ஓடுது. கம்பியே நூல், கம்பியே வெயிட்டு. பழைய சேலை ஜரிகையைப் பிரிச்சா மினுமினுப்புக்கு ஆச்சு. இப்ப வர்ற சேலையில பாதி ப்ளாஸ்டிக் ஜரிகை தான், அதுவும் நல்லதுதான், கறுக்காது. ஸ்வெட்டர் பின்னின மிச்சக் கம்பளி, நிறமில்லாத நெயில் பாலிஷ், சூப்பர் க்ளூ. விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட் பக்கம் போனா பின்னல் போடுற செயற்கை முடி எல்லா நிறத்துலயும் பாக்கெட் பாக்கெட்டா விப்பாங்க, வெள்ளை ஒண்ணு பச்சை ஒண்ணு வாங்கினா கடல் ஃப்ளைக்கு வருஷக்கணக்கா வரும்.

சாயம் ஏத்துறது

வெள்ளை இறகு தான் ஜாஸ்தி கிடைக்கும், அதுக்கு நிறம் நம்ம தான் ஏத்தணும். அரை லிட்டர் சூடான தண்ணி, கொதிக்கக் கூடாது, கொதிச்சா இறகு சுருண்டுடும். அதுல கால் கப் வினிகர், ஒரு பெரிய ஸ்பூன் மஞ்சத்தூள், ஈர இறகைப் போட்டு அரை மணி நேரம் விட்டா நல்ல மஞ்ச நிறம் வரும். ஒண்ணு ஞாபகம் வைங்க, மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு போட்டா ஆலம் சிவக்குதில்ல, அதே சமாச்சாரம் இங்கயும் நடக்கும், சாயம் ஏத்தின இறகை அப்புறம் சோப்புல அலசினா செம்மண் கலருக்கு மாறும். சில பேர் வேணும்னே அப்படிப் பண்றாங்க, பரவாயில்லை, கெட்டதில்ல. ஆனா மஞ்சள் வெயில்ல வெளுக்கும், நிக்கிற சாயம் வேணும்னா கேக்குக்குப் போடுற கலர் பவுடரும் வினிகரும் தான் சரி, இறகு, கம்பளி ரெண்டுலயும் பிடிச்சுக்கும். வெங்காயச் சருகைக் கொதிக்க வச்சு வடிகட்டின தண்ணியில போட்டா தங்கம் கலந்த பழுப்பு, கறுப்புத் தேயிலையில போட்டா மங்கலான பழுப்பு. செயற்கை முடி மட்டும் இந்த எந்தச் சாயத்தையும் எடுக்காது, அதை நிறத்தோடவே வாங்குங்க.

கருவி

முள்ளை அசையாம பிடிச்சு வைக்கிற வைஸ் தான் பெரிய செலவு, அதை முதல்ல வாங்காதீங்க. பூட்டுற ப்ளையர் ஒண்ணு இருந்தா அதை மரக்கட்டையோட க்ளாம்ப் போட்டு மேஜை ஓரத்துல பிடிச்சுட்டா முள்ளு அசையாது. நூலைப் பிடிச்சு இழுத்து வைக்க துணி காயப்போடுற க்ளிப், தொங்க விட்டா அதோட வெயிட்டே நூலை டைட்டா வச்சிருக்கும். எம்ப்ராய்டரி கத்தரி, அதுவும் கம்பி வெட்ட இல்ல, கம்பிக்கு நகவெட்டி. ரீஃபில் கழட்டின பால் பாயிண்ட் பேனா, அது எதுக்குன்னு கீழ சொல்றேன். மேஜை மேல வெள்ளைப் பேப்பர் விரிச்சு, பின்னாடி லைட் போட்டுக்குங்க, ஃபேனை ஆஃப் பண்ணுங்க, பஞ்சு இறகு பறந்து சாப்பாட்டுல விழுந்தா அன்னைக்கோட வீட்டுல இந்தத் தொழிலுக்குத் தடை உத்தரவு தான்.

முதல் ஃப்ளை: வுல்லி பக்கர்

ஆயிரம் மாடல் இருக்கு, நீங்க இது ஒண்ணைக் கட்டுங்க. அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல ரஸ்ஸல் ப்ளெஸ்ஸிங்னு ஒருத்தர் 1967-ல கட்டினது, அட்டைப்பூச்சி, தலைப்பிரட்டை, சின்ன மீன், தும்பிக் குஞ்சு எதுன்னு மீன் நினைச்சுக்குதோ அதுவாவே இருக்கும். மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ் டேம்ல பாஸ் மீன் எடுக்கும், அண்டர்பர்க், நாட்டிங்ஹாம் ரோட் பக்கத்து டேம்ல ட்ரௌட் மீன் எடுக்கும். சைஸ் 8 நீளத் தண்டு முள்ளு வாங்குங்க. முள்ளு நம்பர் ஏற ஏற சைஸ் சின்னதாகும், 16 கேட்டு வாங்கிட்டு வந்து கண்ணு வலிக்குதுன்னு சொல்லாதீங்க.

முள்ளோட பார்பை, அதாவது முனைக்குக் கீழ பின்பக்கமா நீட்டிக்கிட்டிருக்கிற அந்தக் குட்டி முள்ளை, ப்ளையரால அமுக்கிடுங்க. மீனை விடறதுக்கும் சுலபம், உங்க காதுல மாட்டினா எடுக்கவும் சுலபம், மாட்டும். அப்புறம் வளைவுல பிடிச்சு வைஸ்ல மாட்டி தண்டு தரைக்குச் சமமா இருக்கிற மாதிரி வைங்க.

நூலை முள்ளோட காதுக்கு, அதாவது நைலான் நுழையிற ஓட்டைக்கு, கொஞ்சம் பின்னாடி ஆரம்பிங்க. நூல் நுனியை இடது கையில பிடிச்சு, வலது கையால தண்டைச் சுத்தி அஞ்சாறு சுத்து, அந்த நுனி மேலயே ஏறுற மாதிரி பின்பக்கமா சுத்தினா தானா இறுகிக்கும், முடிச்சே தேவையில்ல. மீதி நுனியை வெட்டிடுங்க. இங்க ஒரு விஷயம் மண்டையில ஏத்திக்குங்க: காதுக்குப் பின்னாடி ரெண்டு காது அகலத்துக்கு இடம் காலியா விடணும், கடைசி வரைக்கும். புதுசா கட்டுறவங்க எல்லாரும் காது வரைக்கும் இறகைத் திணிச்சுட்டு கடைசியில தலை கட்ட இடமில்லாம நூலைக் காது மேலயே சுத்திடுவாங்க, அப்புறம் தண்ணி ஓரத்துல நின்னுக்கிட்டு நைலான் நுழையலன்னு திட்டுவாங்க.

நூலை பார்புக்கு நேர் மேல வரைக்கும் நெருக்கமா சுத்திக்கிட்டே போங்க. வால் கட்டணும் இப்ப. பஞ்சு இறகுல ஒரு சிட்டிகை, தண்டு நீளம் எவ்வளவோ அதே நீளம் பின்னாடி நீட்டணும். விரலை நாக்குல தொட்டு ஈரம் பண்ணிக்கிட்டா பஞ்சு அடங்கும். இப்ப தான் இந்தத் தொழிலோட ஒரே ரகசியம். இறகைத் தண்டு மேல வச்சு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இறகையும் தண்டையும் சேர்த்துக் கிள்ளிப் பிடிக்கணும். நூலை அந்த ரெண்டு விரலுக்கு நடுவுல மேல கொண்டு போய், தளர்வா ஒரு வளையம் விட்டு, அந்தப் பக்கம் கீழ இறக்கி, அப்புறம் தான் நேரா கீழ இழுக்கணும். விரலை விடாம இன்னொரு தடவை. இழுத்த பிறகு விரலை எடுத்துப் பார்த்தா இறகு தண்டு உச்சியில நின்னா சரி, அந்தப் பக்கமா சரிஞ்சு போயிருந்தா பிரிச்சுட்டு மறுபடி. இது ஒண்ணு கைக்கு வந்துட்டா மிச்சம் எல்லாம் சுத்துறது தான், வரலைன்னா என்ன விலைக்கு வைஸ் வாங்கினாலும் வராது.

வால் அடியில செம்புக் கம்பி ஒரு சாண் நீளம் கட்டி பின்னாடி தொங்க விடுங்க. கம்பளியையும் அங்கயே கட்டுங்க. வெயிட் வேணும்னா கம்பளிக்கு முன்னாடி வேற ஒரு துண்டு செம்புக் கம்பியை தண்டு நடுவுல பத்துப் பன்னெண்டு சுத்து சுத்திக்குங்க, ஈயம் வேண்டாம், குழந்தைங்க இருக்கிற வீடு. நூலை முன்னாடி கொண்டு வந்துட்டு கம்பளியைச் சுத்திக்கிட்டே வாங்க, காலியா விட்ட இடத்துக்கு முன்னாடி நிறுத்திக் கட்டி வெட்டுங்க. கம்பளிக்குப் பதிலா நாலஞ்சு மயில் இழையைச் சுத்தினா இன்னும் அழகு, ஆனா மயில் இழை சீக்கிரம் அறுந்துடும், அதனால இழையை நூலோட சேர்த்து முறுக்கி கயிறு பண்ணிக்கிட்டு சுத்தணும்.

சேவல் இறகு ஒண்ணு எடுங்க, அடியில இருக்கிற பஞ்சைப் பிச்சிடுங்க, தலைகீழா தடவினா முடி எல்லாம் ரெண்டு பக்கமும் விரிஞ்சு நிக்கும். அந்த முடி நீளம் முள்ளோட வாய் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு இருந்தா சரியான அளவு. புத்தகத்துல எல்லாம் வால் பக்கம் நுனியைக் கட்டி முன்னாடி சுத்தச் சொல்லுவாங்க, நான் சொல்றது வேற வழி, நம்ம நாட்டுக்கோழி இறகுக்கு இதுதான் நிக்குது: காம்பை முன்னாடி கட்டுங்க, அங்கிருந்து பின்னாடி வால் வரைக்கும் இடைவெளி விட்டு அஞ்சாறு சுத்து போங்க, வால்ல வந்ததும் தொங்கிக்கிட்டிருக்கிற செம்புக் கம்பியால இறகு நுனியைப் பிடிச்சுக்கிட்டு கம்பியை முன்னாடி சுத்திக்கிட்டு வாங்க. கம்பி இறகுக் காம்பை ஒவ்வொரு சுத்துலயும் குறுக்க தாண்டிப் போகும், அதனால மீன் பல்லு ஒரு இடத்துல அறுத்தாலும் இறகு பிரியாது. கம்பியைச் சுத்தும்போது இடமும் வலமும் லேசா ஆட்டிக்கிட்டே சுத்துங்க, இல்லேன்னா முடியெல்லாம் கம்பிக்கு அடியில மாட்டிக்கும்.

தலை. நூலைப் பத்து சுத்து சுத்திட்டு முடிச்சு போடணும், அதுக்குத் தான் அந்தப் பேனா. பேனா நுனியில நூலை ஒரு வளையம் சுத்தி, பேனா ஓட்டையை முள்ளு காது மேல வச்சு, வளையத்தைத் தள்ளி இறக்கி இழுத்தா ஒரு முடிச்சு. அதே மாதிரி நாலு. வெட்டிட்டு ஊசி நுனியால நெயில் பாலிஷ் ரெண்டு கோட்டு, காதுக்குள்ள போனா காயறதுக்குள்ள ஒரு இறகுத் தண்டை விட்டு சுத்தம் பண்ணிடுங்க.

கட்டினதும் வால்ல பிடிச்சு இழுத்துப் பாருங்க, தண்டைச் சுத்தித் திரும்பினா நூல் லூஸ். அப்புறம் ஒரு வாளித் தண்ணியில போட்டு நூல்ல இழுத்துப் பாருங்க. வெளியில பார்க்க அசிங்கமா இருக்கிறது தண்ணிக்குள்ள உயிரோட நீஞ்சும், கண்ணாடிப் பெட்டியில வைக்கிற மாதிரி அழகா கட்டினது சில சமயம் குச்சி மாதிரி கிடக்கும். பஞ்சு ஜாஸ்தியா போட்டா தான் அப்படி ஆகும், குறைங்க.

இது கைக்கு வந்ததும் சைஸ் 12 முள்ளுல வெறும் மயில் இழை, செம்புக் கம்பி, முன்னாடி கினிக்கோழி இறகு ரெண்டே சுத்து, இப்படி ஒரு குட்டி நிம்ஃப் கட்டுங்க. உம்கேனி ஆத்து ஓட்டத்துல ஸ்கேலிக்கு இது போதும். ஸ்கேலி நம்ம குவாசூலு நட்டால் மாகாணத்துல மட்டும் தான் இருக்கிற மீன், வேற எங்கயும் கிடையாது, பிடிச்சா பார்த்துட்டு விட்டுடுங்க. ட்ரௌட் தான் வெளியில இருந்து வந்தது, 1890-ல கொண்டு வந்து ஆத்துல விட்டாங்க. 1860-ல நம்ம முன்னோர்களை ஏத்திக்கிட்டு ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்ல இருந்து வந்து டர்பன்ல நின்னப்ப இங்க ஒரு ட்ரௌட் கூட இல்ல, அந்த மீனுக்கு நாம தான் சீனியர்.

நம்ம நாட்டு ஃப்ளை ஒண்ணும் சொல்லிடணும், வாக்கர்ஸ் கில்லர், லயனல் வாக்கர் கட்டினது, சிவப்பு உடம்பு, ரெண்டு பக்கமும் வரி போட்ட பார்ட்ரிட்ஜ் (கவுதாரி) இறகை அடுக்கடுக்கா வைக்கணும். டேம் ட்ரௌட்டுக்கு அருமை, ஆனா அடுக்குறதுக்குப் பொறுமை வேணும், முதல் மாசத்துலயே அதுல கை வைக்காதீங்க.

கடலுக்கு: க்ளௌசர்

பாப் க்ளௌசர் 1987-ல ஆத்து பாஸுக்காகக் கட்டினது, இன்னைக்கு உலகத்துல எந்தக் கடல்லயும் எறியறாங்க. கண்ணுக்கு, ஜன்னல் ப்ளைண்ட்ஸ்ல தொங்குற உலோக மணிச் சங்கிலியில ரெண்டு மணியைச் சேர்த்து வெட்டுங்க. ப்ளாஸ்டிக் மணி வேண்டாம், வெயிட் கிடையாது. துருப்பிடிக்காத 1 அல்லது 1/0 முள்ளுல, காதுல இருந்து மூணுல ஒரு பங்கு தள்ளி, தண்டு மேல மணியை வச்சு எட்டு வடிவத்துல குறுக்கும் நெடுக்கும் இறுக்கிக் கட்டி சூப்பர் க்ளூ ஒரு சொட்டு. வெயிட் மேல் பக்கம் இருக்கிறதால தண்ணியில முள்ளு தலைகீழாத் திரும்பும், பாறையில மாட்டுறது குறையும்.

வெள்ளை முடி, செயற்கையோ ஆட்டு முடியோ, முள்ளு நீளத்துல ரெண்டு மடங்கு, மணிக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டுங்க. அப்புறம் முள்ளைத் தலைகீழா மாட்டி ஜரிகை ஏழெட்டு இழை, அதுக்கு மேல பச்சை முடி, மணிக்கு முன்னாடி மட்டும் கட்டணும். தலை, முடிச்சு, பாலிஷ். அவ்வளவுதான். முடி கம்மியா இருக்கணும், வெளிச்சத்துல பிடிச்சா அந்தப் பக்கம் தெரியணும்.

ஷாட்டுக்குப் பல்லு ப்ளேடு, நைலானை ஒரே கடியில அறுக்கும், ஃப்ளைக்கு முன்னாடி பத்து பதினஞ்சு செண்டிமீட்டர் ஸ்டீல் ட்ரேஸ், அதாவது கம்பித் துண்டு, போடுங்க. கூட்டமா இருக்கிற பியர்ல (கடல் பாலத்துல) ஃப்ளை ராட் எடுக்காதீங்க, பின்னாடி போற லைன் யார் முகத்துலயாவது மாட்டும். உம்கேனி வாய்ப்பக்கம் ஆள் இல்லாத நேரமாப் பார்த்துப் போங்க. வீட்டுக்கு வந்ததும் ஃப்ளையை நல்ல தண்ணியில அலசி, காய விட்டு, அப்புறம் தான் டப்பாவை மூடணும், ஒரே ஒரு ஈர முள்ளு டப்பா முழுக்கத் துருவைப் பரப்பிடும்.

கடலுக்குப் போறவங்க போஸ்ட் ஆபிஸ்ல பர்மிட் எடுத்துக்குங்க, டேம், ஆறுன்னா நம்ம மாகாண வனவிலங்குத் துறை எசெம்வேலோவோட லைசென்ஸ் தனி. ஷாட் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 தான், 30 செண்டிமீட்டருக்குக் குறைஞ்சா திருப்பி விடணும். அக்டோபர், நவம்பர் ரெண்டு மாசமும் ஷாட்டுக்குத் தடை, அந்த நேரத்துல உக்காந்து க்ளௌசர் கட்டி வச்சுக்குங்க, வெள்ளை-பச்சையில பத்து, வெள்ளை-நீலத்துல பத்து, டிசம்பர்ல தேவைப்படும்.